அரைப்பேர்

ஐந்தரைக்கு டேம் கண்ணுக்குத் தெரியாது.
வாசம்தான் முதலில் வரும்.
ஊறிய இலை, மீன், எங்கோ கொஞ்சம் டீசல்.
அதன் பிறகுதான் டப்பன்டைன் காட்டுக்குள்
பாதை தன்னைக் காட்டிக்கொள்ளும்,
ஓர் ஆள் அகலம்.
சில இடத்தில் அதுவும் இல்லை.

முழங்கால் வரை சவர்க்காரம் தேய்த்திருக்கிறேன்.
அட்டைக்குப் பிடிக்காதாம்.
பிடிக்காமலேயே கடிக்கிறது.
நின்று பிடுங்கினால் இன்னும் நாலு ஏறும்.
நான் வேகமாக ஓடுவதற்கு
வேறு பெரிய இலட்சியம் எதுவும் இல்லை.

முதல் மேட்டில் மூச்சு முட்டும்.
இரண்டாவதில் முட்டுவது பழகும்.
மூன்றாவதில் வேர்கள் மட்டும்தான்.
யூக்கலிப்டஸ் பட்டை உரிந்து கிடக்கிறது,
பட்டை என்று மிதித்தால் பாம்பு,
பாம்பு என்று தாவினால் பட்டை.
இந்தக் கணக்கைக் காலிடம் விட்டுவிட்டேன்.

காட்டுக் காவல் மருதவீரன்
டோர்ச்சை முகத்தில் அடித்துக் கேட்பார்,
"யாரு தொரத்துறா?"
"யாருமில்ல."
"பொறகு ஏன் ஓடுற?"
ஒரு மாதம் பதில் தேடினேன்.
இப்போது கையை மட்டும் காட்டிவிட்டுப் போகிறேன்.
அவரும் என் சத்தம் கேட்டுத்தான்
கேத்தலை அடுப்பில் வைக்கிறார்.

அம்மாவின் கேள்வி வேறு.
கூடையோடு மலை ஏறினால் பேர் போடுவார்கள்,
கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.
"நீ சும்மா ஏறி எறங்குறியே,
ஒனக்கு யாரு பேர் போடுறா?"

பங்குனியில் மவுசாக்கலை வற்றியது.
நான் சுற்றி ஓடும் குடா
சேற்றுத் தட்டாய்க் கிடந்தது, நடுவில்
தண்ணீருக்குள் இத்தனை வருடம் இருந்த ரோட்டு
எழும்பி வந்து அக்கரையைத் தொட்டது.
சுற்றினால் மூன்று கிலோமீட்டர்,
குறுக்கே போனால் முந்நூறு அடி இருக்குமோ என்னமோ.
யார் பார்க்கிறார்கள்?
இறங்கினேன்.

தார் இன்னும் கொஞ்சம் இருந்தது.
மதகு ஒன்று, எழுத்தில்லாத மைல்கல்,
அதன் தலையில் ஒரு நீர்க்காகம்.
பிறகு தார் முடிந்ததை
என் இடதுகால் எனக்கு முன்னே தெரிந்துகொண்டது.

முழங்கால் வந்தது.
சப்பாத்து வரவில்லை.

ஹட்டனில் நடைபாதையில் பேரம் பேசி வாங்கியது,
யாரோ வெளிநாட்டில் பாதி ஓடித் தேய்த்தது,
மீதியை நான் ஓடிக்கொண்டிருந்தேன்.
முழங்கை வரை சேற்றில் விட்டுத் துழாவினேன்.
சப்பாத்து இல்லை. கல் ஒன்று தட்டுப்பட்டது,
வழித்துப் பார்த்தால் படி,
ஒரே ஒரு படி,
நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது.
கடையா வீடா தெரியவில்லை.
உட்கார அது வசதியாக இருந்தது.
உட்கார்ந்து, வாய்விட்டு, நல்ல வார்த்தை இரண்டு சொன்னேன்.
நீர்க்காகம் பறந்து போனது.

வந்த வழியே கரையேறி
முழுச் சுற்றையும் ஓடினேன்,
வலதுகாலில் சப்பாத்து, இடதுகாலில் சேறு.
டப் என்று ஒன்று, சொத் என்று ஒன்று.
வெறுங்கால் எல்லாவற்றையும் சொல்லியது,
ஊசியிலைக்குக் கீழே மண் குளிர்ந்திருப்பதை,
சரளை ஓரிடத்தில் சூடாக இருப்பதை,
பிறகு முள்ளை.

மருதவீரன் டோர்ச்சைக் காலில் அடித்தார்.
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
"இன்னைக்கு யாரோ தொரத்திட்டாங்க"
என்று சொல்லி
பிளேன்டீயை நீட்டினார்.

அம்மா முற்றத்து பைப்படியில்
படங்கைக் கட்டிக்கொண்டிருந்தாள்.
மேலிருந்து கீழே பார்த்தாள்.
"அரைப்பேர்" என்றாள்,
பெரட்டுக்குப் போய்விட்டாள்.

சித்திரை மழைக்கு டேம் நிரம்பும்.
அந்தப் படிக்குப் பக்கத்தில்
ஏழாம் நம்பர் இடதுகால் ஒன்று இருக்கும்.

எட்டரைக்கு மஸ்கெலியா பாமசியில் நின்று
ஒரு பிள்ளைக்கு இருமல் பாணி அளந்து கொடுத்தேன்.
கவுண்டருக்குக் கீழே, ரப்பர் செருப்புக்குள்,
இடது குதிகால் மட்டும்
இன்னும் அந்தக் கடைசி மேட்டில் இருந்தது.